ஓட்டினவர் இறங்கிவிட்டாரா?

2022 மார்ச்சில் என் கணவர் இறந்தார். பதினாறாம் நாள் பந்தி முடிந்து வீடு அடங்கிய பிறகு பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 84 வயது, சித்தாந்த வகுப்புக்கு விடாமல் போய்ப் படித்தவர். "ஏட்டி, வண்டி பழசாப் போச்சு. ஓட்டுனவன் எறங்கி வேற வண்டி ஏறிட்டான். வண்டிக்காகவா இப்படி அழுத?" என்றார். சொல்லும்போது அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. நான் தலையாட்டினேன். ஆனால் அந்த ஆறுதல் எனக்குள் இறங்கவே இல்லை. தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி தொண்டையிலேயே நின்றது.

நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். ஓர் உவமையைக் கேட்டால் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்காமல் விட முடியாது. உடம்பை வண்டியாகச் சொல்வது மிகப் பழைய வழக்கம். கட உபநிடதத்தில் உடம்பு தேர். ஆன்மா அதில் உட்கார்ந்திருப்பவன். புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். குதிரைகள் அடங்காவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் அது விரிவாகப் பேசுகிறது. ஆனால் அந்தத் தேருக்குத் தச்சன் கிடையாது. அச்சு முறிவதில்லை. யாரும் சக்கரத்தைக் கழற்றி மசகு போடுவதில்லை.

எங்கள் ஊர்த் தேருக்குத் தச்சர் உண்டு, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உண்டு, வடம் பிடிக்க ஊரே உண்டு. 2024 ஜூன் 21 அன்று ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் திரும்பத் திரும்ப அறுந்தது. ரதவீதியில் நானும் நின்றேன். சிலர் அழுதார்கள், சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் சாமி இறங்கிவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேறு வடத்துக்கு ஆள் போனது.

எங்கள் வண்டி மாருதி 800. 1997 அக்டோபரில் கடன் போட்டு வாங்கினோம். வெள்ளை நிறம், டி.என். 72 பதிவு, 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர். அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகாராஜ நகர்ப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்த தெருக்களில் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எந்நேரமும் ஒரே பாடம்தான்: "இடது காலப் பக்கத்துலயே வச்சிரு. திடீர்னு நிக்க வேண்டியிருக்கும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு வண்டியை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வைத்திருப்பது என்றால் என்னவென்று வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். 2003-ல் குற்றால சீசன் சமயம், ஆலங்குளம் தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது; டீக்கடையில் வாளி வாங்கித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். 2009-ல் மதுரைக்குப் போகையில் கயத்தாறு பக்கம் டைமிங் பெல்ட் அறுந்தது. சத்தமே இல்லாமல் எஞ்சின் செத்தது, பின்னால் வந்த லாரியின் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. கார்ப்பரேட்டரில் தூசி அடைக்கும். வெயிலில் ஓடி நின்றால் மறுபடி கிளம்ப அரைமணி நேரம் யோசிக்கும். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஃபியூல் பம்ப் எல்லாம் மாறின. காலடித் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது டிங்கர் வேறு தகடு வெட்டி வெல்டிங் வைத்தார். ரிங் தேய்ந்து எஞ்சினை இறக்கினார்கள். லேத்துக்குப் போய் போர் பண்ணி வந்தது. நாலு கதவில் இரண்டு, வாங்கினபோது இருந்த கதவு இல்லை.

இதெல்லாம் மாறிய பிறகு எது அந்த வண்டி? பௌத்த நூலான மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் மன்னர் மிலிந்தரிடம் கேட்பது இதைத்தான். அச்சா ரதம், சக்கரமா ரதம், நுகத்தடியா ரதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ரதம் என்பது வெறும் பெயர் வழக்கு என்கிற இடத்துக்கு மன்னரையே வரவைக்கிறார். அவர் வாயால் பிரித்தார். நான் மேலப்பாளையத்துப் பட்டறையில் எண்ணெய் படிந்த தரையில் பிரித்துக் கிடக்கவே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நாகசேனர் சொன்னது சரிதான் என்று பட்டது. ஆனால் மெக்கானிக் பாய் அதைத் திரும்பப் பூட்டினார். தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டதும் அடுப்படியில் இருந்த நான் கதவைத் திறக்கப் போனேன். அந்தச் சத்தம் எந்தப் பாகத்தில் இருந்தது என்று நாகசேனரிடம் கேட்க ஆசை.

சட்டம் இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. எஞ்சினை மாற்றினாலும் ஆர்.சி.யில் புது எண்ணை எழுதிக்கொள்ளலாம். வண்டி எது என்று தீர்மானிப்பது சேஸிஸ் எண். 15 வருஷம் முடிந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2012-லும் 2017-லும் அவர் போனார். 2022-ல் நான் போனேன். அந்த ஏப்ரலிலிருந்து 600 ரூபாய்க் கட்டணம் 5,000 ஆகியிருந்தது. எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். அதே எண். அதற்கு முன்பே, உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் போய் என் பெயர் வந்திருந்தது. இனி இது என் வண்டி.

'என்' என்ற இந்தச் சின்னச் சொல்லில்தான் சைவ சித்தாந்தத்தின் ஒரு பெரிய வாதம் இருக்கிறது. சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உயிர் உண்டு என்பதற்கு மெய்கண்டார் காட்டும் காரணங்களில் ஒன்று, நாம் 'எனது உடல்' என்று சொல்கிறோம் என்பது. என் வண்டி என்கிறவள் வண்டி இல்லை. என் உடம்பு என்கிறவளும் உடம்பு இல்லை. அந்த நூலுக்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் எங்கள் ஆற்றங்கரைக்காரர். பாபநாசத்துக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு, 1785-ல் மறைந்தார். மெய்கண்டாரின் வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அது காட்டுவது இரண்டும் வேறு என்பதை மட்டும். ஒன்றின் தடம் மற்றொன்றில் விழாது என்று அது சொல்லவில்லை. பெரியப்பாவின் ஆறுதல் அதையும் சேர்த்துச் சொன்னது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு தெரிந்தது. மேலே அணைகள் நிரம்பித் திறந்துவிட்டார்கள். எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்கு எட்டுகிற தூரம். இரவில் தண்ணீர் வாசற்படி ஏறியது. மாடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்: வண்டியின் கூரையும் கண்ணாடியில் பாதியும்தான் தெரிந்தன. உள்ளே அவருடைய துண்டு ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் பாய்க்குப் போன் போட்டேன். முதல் வார்த்தையே, "சாவியத் தொட்டுராதிய டீச்சர்." காரணம் எனக்கும் தெரியும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது எஞ்சின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டோ பண்ணிக்கொண்டு போனார்கள். பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றினார் பாய். ஆயிலைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. சீட்டுக்கடியில் இரண்டு கை வண்டல். "பழைய இரும்புக்குக் குடுத்தா பதினெட்டாயிரம் கெடைக்கும். சரிபண்ணுனா அதுக்கு டபுளு ஆவும்" என்று ஒளிக்காமல் சொன்னார். "சரி பண்ணுனா நம்பி ஓட்டலாமா?" என்று கேட்டேன். "இன்ஷா அல்லாஹ்" என்றார். பிறகு, "ஒட்டகத்தக் கட்டிப் போட்டுட்டுத்தான் அல்லாஹ்வ நம்பணும்னு நபி சொல்லிருக்காங்க. நான் நல்லாக் கட்டித் தாரேன், டீச்சர்."

கிளட்ச் பிளேட் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸை இறக்கியவர் என்னைக் கூப்பிட்டார். பிரஷர் பிளேட்டின் முகத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். புதிதாகப் பிடித்த துருவுக்கு அடியில் நீல நீலமாகப் புள்ளிகள், ஒரு வட்டமாக. "இது வெள்ளம் பண்ணுனது இல்ல. சாரு கால் இது. பாத்தியளா?"

பார்த்தேன். கிளட்ச் என்பது உராய்வு. சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் சேர்ப்பதற்கு நடுவில் ஒரு பிளேட். முழுக்க ஒட்டினால் தேய்மானம் இல்லை, முழுக்க விலகினாலும் இல்லை. பெடலில் லேசாகக் கால் இருந்துகொண்டே இருந்தால் அது பாதி ஒட்டிப் பாதி வழுக்கும். வழுக்கினால் சூடு, அந்தச் சூட்டில் இரும்பு நீலம் பாயும். அவர் பெடலிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட்பிரேக் போடாமல் அரைக் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்குவார். பின்னால் நிற்கிறவரை ஒரு நொடிகூடக் காக்கவைக்கக் கூடாது அவருக்கு. ரேஷன் கடையிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், கடைசி நாளில் ஸ்ட்ரெச்சர் தள்ளிய பையனிடம் "சிரமம் தம்பி" என்றவர். அந்த மனிதரின் அவசரமும் பணிவும் ஓர் இரும்புத் தட்டில் நீலப் புள்ளிகளாக உட்கார்ந்திருந்தன. பட்டறை என்றும் பார்க்காமல் அழுதேன். பாய் டீ வாங்கிவர வெளியே போய்விட்டார்.

அன்றைக்குத்தான் தொண்டையில் நின்றது எது என்று புரிந்தது. ஓட்டுகிறவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது தேயக்கூடிய ஒன்று. தேயாமல் அது வேலை செய்யாது. ஓட்டினவர் இறங்கிப் போகலாம். ஆனால் ஓட்டினது அத்தனையும் வண்டியில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதப்பட்ட உடம்பைத்தான் நான் கருப்பந்துறைக்கு அனுப்பினேன். வலது தோளின் லேசான சரிவு, செருப்பின் ஒரு பக்கத் தேய்மானம், எழுதி எழுதி நடுவிரலில் காய்த்திருந்த காய்ப்பு. அதற்காக அழுவது அறியாமை என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

சித்தாந்தமும் அப்படிச் சொல்லவில்லை என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். தனு, கரணம், புவனம், போகம் நான்கையும் இறைவன் உயிருக்குத் தருகிறான். இவை கூடாத கேவல நிலையில் உயிர் எதையும் அறியாமல், எதையும் செய்யாமல் இருளில் கிடக்கும். வண்டி இல்லாத ஓட்டுநர் ஹாயாக நடந்து போகிறவர் இல்லை. இன்னொன்று, உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்கிறார்கள். எதைச் சேர்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். நூல்கள் இதை உயிரைப் பற்றிச் சொல்கின்றன. பட்டறையில் நான் பார்த்தது மறுபக்கம்: சார்ந்ததும் உயிரின் வண்ணம் ஆகிறது.

பிப்ரவரியில் வண்டி திரும்பி வந்ததும் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு குறுக்குத்துறை போனேன். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே பாறையில் இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டியது. ஆறு பெருகும்போது உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் அங்கேயே தண்ணீருக்குள் இருப்பார். வடிந்ததும் சேற்றை அள்ளி, கழுவி, மறுபடி பூஜை. டிசம்பரிலும் அப்படித்தான் நடந்தது. தூண்களில் வண்டல் கோடு இன்னும் தெரிந்தது. கரைக்குப் போனவரும் முருகன்தான், மூழ்கிக் கிடந்தவரும் முருகன்தான். எந்த அர்ச்சகரும் ஒருவரை ஓட்டுநர் என்றும் மற்றவரை வண்டி என்றும் பிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

படித்துறையில் உட்கார்ந்து பெரியப்பாவிடம் நீலப் புள்ளிக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூல ஒடம்புதான் போகுது. சூக்கும ஒடம்பு உயிர்கூடவே போகும். பழக்கவழக்கமெல்லாம் வாசனையா அதுல ஒட்டியிருக்கும்" என்றார்.

"அப்ப அந்தக் கால் பழக்கமும் போயிருக்குமா பெரியப்பா?"

"போயிருக்கும்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவன்கூடப் போனதச் சொல்ல எங்கிட்டப் புஸ்தகம் இருக்கு. உங்கூட இருக்கதுக்குப் பேரு என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல, ஏட்டி. அன்னைக்கு அப்படிச் சொல்லிருக்கப்படாது."

பழைய பிரஷர் பிளேட்டைப் பாய் தேங்காயெண்ணெய் தடவி ஒரு சாக்கில் சுற்றித் தந்தார். ஆர்.சி. இருக்கும் அதே அலமாரியில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் சர்வீஸுக்கு விட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த பாய் கதவைச் சாத்தாமலே சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"புது பிளேட்டு அதுக்குள்ள வழுக்குது, டீச்சர். சாரு ஓட்டுன மாதிரியேல்லா ஓட்டுதிய. காலப் பெடல்ல வைக்காம ஓரமா வையுங்க."

குனிந்து கேபிளைத் தளர்த்தி, பெடலுக்குக் கொஞ்சம் ப்ளே வைத்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் வழியாக வந்தேன். மேம்பால ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றது. ஹேண்ட்பிரேக்கைத் தேடிக் கை போவதற்குள் இடது கால் பெடலில் இருந்தது.