உப்புவெளிக் கொப்பி, டிசம்பர் 2024

வருஷக் கடைசியில் எங்கள் கம்பஸ் பெட்ச்சில் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். பாஸான பாடம், வாங்கின போன், சுற்றிப் பார்த்த இடம். எனக்கு இந்த வருஷம் அப்படிச் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பசித்த நேரம் சாப்பாடு கிடைத்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தது. மழைக்கு ஒதுங்க ஒரு தாழ்வாரம் கிடைத்தது. இவற்றையெல்லாம் யார் தந்தார்கள் என்று எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கொப்பி. படிப்புக்கு வாங்கியது, பாதி வெறுமையாகக் கிடந்தது.

*

அலஸ் தோட்டத்தில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து வளவு இடியப்ப அக்காவுடையது. விடிய மூன்று மணிக்கு அங்கே லைட் எரியும். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று விழித்திருந்த இரவுகளில் புத்தகத்தைப் பார்த்ததைவிட வேலிக்கு அப்பால் அந்தக் குசினியைப் பார்த்ததுதான் கூட.

கோதுமை மாவைத் துணியில் முடிந்து நீராவியில் அவிப்பார். இறக்கியதும் அது ஒரே கட்டியாக இருக்கும். சூடு ஆறுமுன் உடைத்து அரிதட்டில் அரிக்கவேண்டும், ஆறவிட்டால் கல்லு. அதனால் கொதிக்கிற மாவைக் கையாலேயே பிசைந்து உடைக்கிறார். ஊதிக்கொள்ளக்கூட நிற்பதில்லை. பிறகு வறுத்த அரிசிமா கலந்து, கொதிதண்ணீர் விட்டு, அகப்பைக்காம்பால் கிளறி, இடியப்ப உரலில் போட்டுப் பிழிவது. வலது உள்ளங்கையில் உரல் பிடி அழுந்தும் இடத்தில் தோல் தடித்து மஞ்சளாகிவிட்டது. விரல் நுனிகளுக்குச் சூடு தெரிவதில்லையாம். "சுடுதா எண்டு பார்க்க இப்ப முழங்கையைத்தான் வைக்கிறன்" என்று சிரித்தார்.

ஐந்தரைக்கு ஓட்டோ வந்து கடைகளுக்கான பெட்டிகளை ஏற்றிப்போகும். மிஞ்சியதில் எனக்குப் பத்து, சொதி, சம்பல். "காசைப் பிறகு தா பிள்ளை." அந்தப் 'பிறகு' கலண்டரின் ஓரத்தில் பென்சிலால் ஏறும். மகாபொல உதவிப்பணம் வந்ததும் அழிபடும். பிந்தி வந்த மாதங்களிலும் அவர் முகம் மாறவில்லை. ஆனால் ஒரு இடியப்பம்கூட அவர் கணக்கில் விட்டதில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. இனாம் வாங்குகிறோம் என்ற கூச்சம் இல்லாமல் சாப்பிட முடிந்தது.

*

அக்காவின் வளவில் மா வந்த சாக்குகள் மடித்துக் கிடக்கும். மேலே பிரிமா என்ற எழுத்து. திருகோணமலைத் துறைமுகத்தின் அந்தக் கரையில், சீனன்குடாவில், 1980 முதல் ஓடுகிற ஆலை. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்து இங்கே இறங்கி, அரைபட்டு, லொறியில் நாடு முழுக்கப் போகிறது.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. லயத்தில் எங்கள் விடியற்காலை என்பது ரொட்டி. அம்மா மாவைத் தண்ணீரும் உப்பும் விட்டுப் பிசைந்து, தட்டி, சுட்டு, இரண்டைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார். இருபது வருஷம் அந்த ரொட்டியில் வளர்ந்தவளுக்கு, அதன் மாவில் எத்தனையோ மூட்டை இந்தக் குடாவில் அரைபட்டது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. கம்பஸ் கிடைத்தபோது "கடல் பக்கம், ஆள் தெரியாத ஊர்" என்று வீட்டில் அழுதார்கள். எங்கள் அடுப்புக்கு முன்பே தெரிந்த ஊராம் இது.

திருகோணமலைத் துறைமுகம் பற்றி நூலகத்தில் நிறையவே இருக்கிறது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரான்சுக்காரர், ஆங்கிலேயர், எல்லாருக்கும் இது வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள், 1942 ஏப்ரல் 9 ஜப்பான் போட்ட குண்டு. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மா மூட்டை சுமந்தவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்குமென்று தேடினேன்.

*

பஸ் நிலையத்துக்குக் கிட்ட நானாவின் தேத்தண்ணிக் கடை. கிண்ணியாக்காரர், ஒவ்வொரு நாளும் பாலத்தால் வருகிறார். 2009இல் பாலம் திறக்குமுன் மிதவைப் பாதையில்தான் கடந்தார்களாம். பாதைக்குக் காத்து நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால் இன்னொரு ஆயுள் வரும் என்பார்.

நான் மலைநாடு என்று தெரிந்த அன்று ஒரு பிளேன் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். நான் ஒரு வாய் குடிக்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி மகள், உங்கட ஊர்த் தேயிலை?" இஞ்சி நன்றாகத் தட்டிப் போட்டிருந்தார், நல்லாயிருக்கு என்றேன். தூளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் விளங்கியது.

2022இல் பால்மா இல்லாமல் பால் தேத்தண்ணியை நிறுத்தினாராம். காஸ் இல்லாமல் விறகில் கொதிக்க வைத்தாராம். அந்த வருஷம் நான் மெழுகுதிரியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பால் தேத்தண்ணியைக் கையில் வாங்கினால் கொஞ்ச நேரம் குடிக்காமல் வைத்திருப்பேன். பழக்கமாகிவிட்டது.

நவம்பர் கடைசியில், பின்னால் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் இந்தக் கரையை ஒட்டிப் போனது. உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். காற்றும் மழையும் சேர்ந்தடித்த ஒரு பின்னேரம் பஸ் வரவில்லை. கடையைப் பூட்டப்போன நானா, நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு பலகையை மட்டும் போட்டு மற்றதைத் திறந்தபடி விட்டார். கடைத்தெரு மான் ஒன்றும் வந்து தாழ்வாரத்தில் நின்றது. இந்த ஊர் மான்கள் மரக்கறிச் சந்தையின் கோவா இலை தின்று வளர்ந்தவை, மனிதருக்கு வெருள்வதில்லை. நானா அதை விரட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. பஸ் வந்த பிறகுதான் மற்றப் பலகைகளைப் போட்டார். அவர் கிண்ணியாவுக்கு எப்படிப் போனார் என்று நான் கேட்கவில்லை.

*

வீட்டுக்குப் போகிற கண்டி பஸ் கொண்டக்டருக்குத் தமிழ் நாலைந்து சொல்தான். "நங்கி, முன்னுக்கு" என்று சாரதிக்குப் பின் இருக்கையைக் காட்டுவார். தம்புள்ளையில் எழுப்பிவிடுவார். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. இரவுப் பயணத்தில் அவ்வளவும் போதும்.

*

அம்மா கொழுந்தெடுக்கிறார். இந்த மே மாதம் நாள் சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. லயத்தில் வெடி கொளுத்தினார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் 1,350 என்று முடிந்தது. கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். இடுப்பில் படங்கு, காலில் அட்டை.

அவர் கிள்ளிய கொழுந்து எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருடைய நாலு மணி ஆறுதல். அந்த ஆளும் இப்போது என்னைப்போல் ஒரு கொப்பியைத் திறந்து, இந்த வருஷம் தன்னைத் தாங்கியவற்றை எழுதிக்கொண்டிருக்கலாம். 'ஒரு கோப்பை தேநீர்' என்று எழுதுவார். எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு எங்கள் மலை எப்படித் தெரியும்? ஆனால் எனக்கு அரிதட்டு தெரியும், முழங்கை தெரியும். நான் 'இடியப்பம்' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனால் அது சரியில்லை.

*

நூலகத்தில் வாசித்த இன்னொன்று. கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர். 1660இல் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பையன் தகப்பனோடு அங்கேதான் பிடிபட்டான். வயது பத்தொன்பது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருஷம் சிறை. தகப்பன் சிறையிலேயே செத்துப்போனார். தப்பிப்போய் 1681இல் அவன் வெளியிட்ட புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது தொப்பிகள். பிழைப்புக்கு அவன் தொப்பி பின்னி விற்றான். ஒருநாள் ஒரு கிழவர் ஒரு பழைய புத்தகத்தோடு வந்தார். பார்த்தால் ஆங்கில பைபிள். கையிலிருந்த காசையெல்லாம் கொடுக்கத் தயாரானான். கடைசியில் ஒரு தொப்பிக்கு மாற்றாகவே கிடைத்துவிட்டது. கிழவருக்குத் தொப்பி போதும். தன் கையால் ஒருவன் என்ன பெற்றுக்கொண்டான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தப் புத்தகம் முழுவதிலும் அந்தக் கிழவரைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

*

டிசம்பர் 26. சுனாமிக்கு இருபது வருஷம். அது வந்தபோது நான் தொட்டில் பிள்ளை, அதுவும் மலையில். காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிஷ மௌனம். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்தில் நின்றார், நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

இழந்தவர்களைப் பற்றி அவர் கதைப்பதில்லை. அன்றைக்கும் கதைக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது வேறு ஒன்று சொன்னார். பள்ளிக்கூடத்து முகாமில் ஈர உடுப்போடு இருந்தவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பையிலிருந்து காய்ந்த சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். பச்சைக் கரை போட்ட நூல் சேலை. திருப்பிக் கொடுக்க எத்தனையோ நாள் தேடினாராம். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, சேலையைத்தான் பார்த்தாராம். "சந்தையில பச்சைக் கரையைக் கண்டா இப்பவும் நிண்டு பார்ப்பன்." அந்தச் சேலை என்னவானது என்று கேட்டேன். "உடுத்துக் கிழிஞ்சுது பிள்ளை. வேறென்ன செய்யிறது."

*

பொங்கலுக்கு வீட்டுக்குப் போகிறேன். கடல் குழம்பிக் கிடப்பதால் கருவாடு விலை ஏறியிருக்கிறது. எதை வாங்கவேண்டும், எதை மணந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டு வரவேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்குச் சாளை பிடிக்கும்.

போன தடவை அக்காவுக்குத் தேயிலை கொண்டுவந்தேன். தோட்டத்தில் அம்மாவுக்கு மாதாமாதம் கிடைக்கிற தூள். ஆசையாக ஊற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "குறை நினைக்காத பிள்ளை, சாயம் ஏறுது, வாசம் இல்லை. நீங்கள் உங்களுக்கு நல்லதை வைச்சுக்கொண்டு இதைத் தந்தனீங்களோ?" நல்லது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று விளக்கினேன். அவர் அதை நம்ப நேரமெடுத்தது. தேயிலைக்குள்ளேயே இருக்கிற சனத்துக்கு இந்தத் தூளா என்று நானாவிடம்கூடப் போய்க் கேட்டிருக்கிறார்.

இந்தத் தடவை ஹட்டன் கடையில்தான் வாங்கவேண்டும். பி.ஓ.பி.எஃப். என்கிற நல்ல தரத் தூள் கால் கிலோ என்ன விலை என்று விசாரித்து வைக்கத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு ஒன்று, நானாவுக்கு ஒன்று. காசு மிஞ்சினால் அம்மாவுக்கும் ஒன்று, எங்கள் லயத்தில் அந்தத் தூளை ஊற்றிக் குடித்ததாக எனக்கு ஞாபகமில்லை.