வலி மாத்திரையும் விசுவாசமும்



இந்த மாதம் என் குறை ஒன்றை அறிக்கை செய்து ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நம் சபைத் தாயார் ஒருவர் புற்றுநோயால் படுக்கையானார். ஜெபிக்கப் போகும்போதெல்லாம், "அம்மா, விசுவாசத்துல உறுதியா இருங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். ஒருநாள் அவர் மகள் வாசலில் நின்று அழுதாள். "ஐயா, டாக்டர் கொடுத்த மாத்திரையை அம்மா போடவே மாட்டேங்கிறாங்க. போட்டா விசுவாசம் இல்லேன்னு நீங்க நினைப்பீங்களாம். ராத்திரியெல்லாம் தலையணையைக் கடிச்சுக்கிட்டு கிடக்காங்க."

என் இருதயம் குத்துண்டது. வியாதி ஒரு பாரம். அதன்மேல் நான் இன்னொரு பாரத்தை ஏற்றியிருந்தேன்!

பிரியமானவர்களே, இயேசு இன்றும் சுகமாக்குகிறார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எசேக்கியாவுக்கு ஆயுசைக் கூட்டின தேவன், அத்திப்பழ அடையை வேண்டாம் என்று தள்ளவில்லையே (ஏசாயா 38:21). நல்ல சமாரியன் காயத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்யவில்லை. எண்ணெய் வார்த்துக் கட்டினான் (லூக்கா 10:34).

"சிலுவையில் கொடுத்த வெள்ளைப்போள ரசத்தை இயேசு வாங்கலையே, ஐயா?" என்று கேட்பீர்கள் (மாற்கு 15:23). மெய்தான். அவர் நம் பாவத்துக்காகப் பாடுபட்டார். அந்தப் பாத்திரத்தை அவரே குடித்து முடித்தார். நம் வலி யாருடைய பாவத்தையும் தீர்க்காது.

லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் ஒரு கிறிஸ்தவ விசுவாசி. வலி வந்து நோயாளி கதறும்வரை காத்திராதே, நேரம் பார்த்து மருந்து கொடு என்று போதித்தார். சரீரம் மட்டுமல்ல, மனமும் குடும்பமும் ஆத்துமாவும் சேர்ந்தே வலிக்கிறது என்றார். நம் பக்கத்திலே கோழிக்கோட்டில் 1993-ல் இந்த ஊழியம் ஆரம்பித்தது.

மார்பின் என்றாலே நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். போதைப் பழக்கமாகிவிடுமோ, சீக்கிரம் சாகடித்துவிடுமோ என்கிறார்கள். டாக்டர் அளந்து கொடுத்து, கவனித்து வந்தால் அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. சாதாரண மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

யோபின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை நல்ல சிநேகிதர்தான். வாயைத் திறந்து குற்றம் தேடினபோதுதான் கெட்டது! ஆகையால் வியாதியஸ்தரைப் பார்க்கப் போனால் சுருக்கமாய் ஜெபியுங்கள். "வலி எப்படி இருக்கு? மருந்து போட்டீங்களா?" என்று கேளுங்கள். காய்ந்த உதட்டை நனைத்துவிடுங்கள். கூட இருக்கிற மகளை ஒரு ராத்திரி தூங்க விட்டு நீங்கள் விழித்திருங்கள். அதுவும் ஊழியம்தான்.

மறுநாள் அந்தத் தாயாருக்கு என் கையாலேயே மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். "கர்த்தர் கோபிக்க மாட்டாரே, ஐயா?" என்று கேட்டார். "இல்லம்மா, தப்பு என்னோடது" என்றேன். சில நாள் கழித்து அவர் சொன்னது: "வலியில ஜெபமே வரலை ஐயா. இப்பத்தான் வருது." அந்த ஜெபத்தோடேயே ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

ஸ்தோத்திரம்! இரக்கமுள்ள தேவன் நம்மையும் இரக்கமுள்ளவர்களாய் மாற்றுவாராக. ஆமென்.