குருதியின் குற்றமா?

சென்ற ஆண்டு எனது வகுப்பில் ஒரு மாணவன், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே செல்ல அடிக்கடி அனுமதி கேட்டான். செய்யுட் பாடத்தைத் தட்டிக்கழிக்கும் தந்திரம் என்றே எண்ணினேன். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கடிந்து பேசினேன். மூன்று மாதங்களின் பின் அவனுக்கு வந்திருப்பது குரோன் நோய் என வைத்தியர்கள் கண்டறிந்தனர். வருத்தம் தெரிவிக்க வீட்டுக்குச் சென்ற என்னிடம் தாயார் தாழ்ந்த குரலிற் சொன்னார்: "சேர், உதை ஒருதரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். பரம்பரை வருத்தம் எண்டு கதை பரவினால் அவளின்ரை வாழ்க்கை என்னாகும்?"

'பரம்பரை வருத்தம்' என்னும் அத்தொடரே ஆராய்தற்குரியது.

உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடன ஆற்றல் குடலிலே நெறிதவறிச் செயற்பட, குடற்சுவர் ஆண்டுக்கணக்கில் அழன்று புண்ணாகும் இந்நோயை 1932இல் நியூ யோர்க்கிலே குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவர் விவரித்தனர். இதற்கு இனமானது பெருங்குடற் புண் அழற்சி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, சிக்காகோவிலிருந்த பிரான்ஸ் அலெக்சாண்டர் முதலான உளப்பகுப்பாய்வாளர் இப்பெருங்குடல் நோயை உள்ளத்திலிருந்து பிறக்கும் நோய்களுள் ஒன்றாக எண்ணினர். நோயாளியின் சுபாவமும், சில வேளைகளில் தாயின் வளர்ப்பும் குற்றவாளிக் கூண்டில் ஏறின. 2001இல், பதினாறாம் நிறமூர்த்தத்திலுள்ள 'நொட்-2' என்னும் பரம்பரையலகின் சில மாற்றங்கள் குரோன் நோயுடன் தொடர்புடையன என்று இரு ஆய்வுக் குழுக்கள் கண்டன. பற்றீரியாவின் வரவை உயிர்க்கலத்துக்கு உணர்த்துவது அவ்வலகு ஆக்கும் புரதம். இன்று இவ்விரு நோய்களுடனும் தொடர்புடைய இடங்கள் இருநூறுக்கும் மேலாக அறியப்பட்டுள்ளன.

இதனால் தாய்மார் பழியினின்று விடுபட்டனர் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. வளர்ப்பின் மேலிருந்த குற்றம் குருதியின் மேலேறிற்று, அவ்வளவே.

ஆனால் ஆய்வு கூறுவது வேறு. 'நொட்-2' மாற்றத்தைத் தாய்வழியும் தந்தைவழியும் இரட்டிப்பாகப் பெற்றவர்க்கு இடர் பன்மடங்கு மிகும். எனினும் அவர்களுள்ளும் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதேயில்லை. யப்பானியரிடத்தும் சீனரிடத்தும் அம்மாற்றங்கள் அரியன; குரோன் நோயோ அவர்களிடையே பெருகி வருகின்றது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தபோதும், மற்றவர் பலவேளை நோயின்றி வாழ்கின்றார். பிரித்தானியாவின் லெஸ்ரர் நகரிலே குடியேறிய தென்னாசியரிடம் பெருங்குடற் புண் அழற்சி ஐரோப்பியரினும் மிகுந்திருந்ததை 1990களின் ஆய்வுகள் காட்டின. கடல் கடந்தவர்களின் குருதி ஒரு தலைமுறைக்குள் மாறிவிடவில்லை. உணவும் வாழ்வும் மாறின. புகைத்தல் குரோன் நோய்க்கு இடரை மிகுவிக்கின்றது என்பதும் உறுதிப்பட்ட செய்தி. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்ததை மாணவர்க்கு முரண்பாடென்று விளக்கி வந்தேன். இனி அவ்வளவு துணிந்து சொல்லமாட்டேன்.

இடர் என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அதைத் தனியொரு பெண்ணின் நெற்றியில் எழுத்தாக எழுதுவதற்கு நமக்கு உரிமை இல்லை. பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் கொடுமையைச் சாதியின் பெயரால் நெடுங்காலம் செய்த சமூகம் நமது. அக்கோலை இப்போது விஞ்ஞானத்தின் கையிலே கொடுத்துவிட்டு நாம் குற்றமற்றவர் போல நிற்கலாகாது. அமெரிக்கா 2008இல், பரம்பரையலகுச் செய்தியைக் காட்டி வேலையோ சுகாதாரக் காப்புறுதியோ மறுப்பதைச் சட்டத்தால் தடுத்தது. ஆயுட் காப்புறுதியை அச்சட்டம் தொடவில்லை. கலியாணத் தரகரை எந்தச் சட்டமும் தொடப்போவதில்லை.

அவ்வாறாயின் தாயார் மறைப்பது சரியா? நோயாளி தானே மணம் புரியும்போது வாழ்க்கைத் துணையிடம் மறைப்பது வஞ்சனை என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கோ நோய் தம்பியினுடையது, அக்காளுக்கு வந்ததன்று. நோயாளியின் உடன்பிறந்தாருக்கு இடர் ஓரளவு மிகும் என்பது மெய்; பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர் என்பதும் மெய். மணக்க வருபவன் கேட்டால் அவள் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லட்டும். ஊருக்குச் சொல்லவேண்டிய கடமை அவளுக்கில்லை. ஆயினும் தாயாரின் மௌனத்திலே இன்னொரு தீங்கு உண்டு: அடுத்த அறையிற் படுத்திருந்த பையன் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தன் உடல் அக்காளின் வாழ்வுக்குத் தடை என்று பதினாறு வயதில் அவன் அறிந்துகொண்டான்.

மறுமுறை சென்றபோது இதனைத் தாயாரிடம் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. தேநீர் கொண்டுவர எழுந்து போனார்.

பையன் மீண்டும் வகுப்புக்கு வருகின்றான். அவன் இருக்கையைக் கதவருகே மாற்றியிருக்கின்றேன். எழுந்து போவதற்கு அவன் இப்போது என்னைக் கேட்பதில்லை.