ஆலயம் தாக்கப்பட்ட பின்

வழிபாட்டிடத்தைத் தாக்குபவனுக்கு அங்கே கூடுவோரின் பெயர் தேவையில்லை. அவர்கள் இன்ன கூட்டம் என்பதே அவனுக்குப் போதும். எனவே அதற்கு என்ன பதில் என்ற கேள்வி தாக்கப்பட்டவர்களோடு நின்றுவிடாமல் அயலில் வாழும் எல்லோரிடமும் வந்துசேர்கிறது.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் போகும் வீதியில், வாவியை அண்டி இருக்கும் தன்னாமுனை கத்தோலிக்கர் நிறைந்த ஊர். அதன் நகரப்பக்கம் சத்துருக்கொண்டான். 1990 செப்டெம்பர் 9இல் அவ்வூரிலும் அயலூர்களிலும் இருந்து இராணுவம் கொண்டுபோய்க் கொன்ற தமிழர் 184 பேர் என விசாரணை ஆணைக்குழு கணக்கிட்டது. மறுபக்கம் ஏறாவூர், அதற்கு முந்திய மாதம் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். நகருக்குத் தெற்கே காத்தான்குடியில், அதே ஓகஸ்ட் 3ஆம் திகதி, இஷாத் தொழுகையில் நின்றவர்கள் இரண்டு பள்ளிவாசல்களில் சுடப்பட்டனர். அங்கும் இறந்தோர் நூற்றுக்கு மேல். இவ்விரண்டுக்கும் உயிர்தப்பியவர்கள் விடுதலைப் புலிகளையே சுட்டினர்; புலிகள் மறுத்தனர். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், நகரின் புனித மரியாள் ஆலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். இத்தகைய மண்ணில் தன் காயத்தை மட்டும் எண்ணிக் கணக்கை முடிக்க எந்தச் சமூகத்தாலும் இயலாது.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை ஒன்பது மணியளவில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. பையுடன் வந்தவனை உள்ளே விடாமல் மறித்தவர்கள் இருந்தனர்; மண்டபத்தில் இருந்த நூற்றுக்கணக்கானோர் அதனால் பிழைத்தனர். ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர் பிழைக்கவில்லை. இறந்த ஏறத்தாழ முப்பது பேரில் பாதியளவினர் சிறுவர்.

வலியும் கோபமும் இருப்பதை மறைக்காமலே, குண்டுதாரியையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிப்பதாகச் சபையின் போதகர் சில நாட்களுக்குள் அறிவித்தார். 2015இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பினத்தவரின் இமானுவேல் ஆலயத்தில் வேத பாடத்துக்கு வந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளையின வெறியன் சுட்டுக்கொன்றபோதும் உறவினர் சிலர் நீதிமன்றத்திலேயே மன்னிப்பதாகச் சொன்னார்கள். மன்னிப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் காயப்பட்டவரின் உரிமை. இன்னும் கோபம் ஆறாத ஒரு தாயிடம் போய், மற்றவர்கள் மன்னித்துவிட்டார்களே என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. அந்த மன்னிப்பைப் புகழ்ந்துகொண்டே விசாரணையை ஆறப்போடும் ஆட்சியாளரின் சாமர்த்தியமோ அதைவிட மோசம்.

பழிவாங்கல் பெரும்பாலும் செய்யாதவர்மேல்தான் விழும். அந்த உயிர்த்த ஞாயிற்றின் குண்டுதாரிகள் முஸ்லிம்கள் என்பதால், 2019 மே மாதம் குருநாகல், புத்தளம், மினுவாங்கொடைப் பகுதிகளில் பள்ளிவாசல்களும் முஸ்லிம்களின் கடைகளும் அடித்து நொறுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இத்தனைக்கும் குண்டுதாரிகளின் உடல்களைத் தங்கள் மையவாடியில் அடக்க முஸ்லிம்களே மறுத்திருந்தார்கள். ஓகஸ்டில் சீயோன் குண்டுதாரியின் உடற்பாகங்கள் கள்ளியங்காட்டு இந்து மயானத்தில் புதைக்கப்பட்டதும் மக்கள் வீதிக்கு இறங்கினர். நீதிமன்ற உத்தரவின்படி அவை தோண்டியெடுக்கப்பட்டன.

அயலவர் கையில் இருப்பது திருப்பிக் கட்டுவது. 1963 செப்டெம்பரில் அமெரிக்காவின் பேர்மிங்ஹாம் நகரின் 16ஆம் வீதி பப்டிஸ்ட் ஆலயத்தில் வெள்ளை இனவாதிகள் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. அவர்களும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளே. கடலுக்கு அப்பால் வேல்ஸ் மக்கள் பணம் சேர்த்து அந்த ஆலயத்துக்கு ஒரு வண்ணக் கண்ணாடி யன்னல் செய்து அனுப்பினார்கள். ஒருவர் அரைக் கிரௌனுக்கு மேல் தரக்கூடாது என்பது நிபந்தனை. எந்தச் செல்வரும் தனியே வாங்கிக் கொடுத்துவிட முடியாது. 2019இல் லூசியானாவில் எரிக்கப்பட்ட மூன்று கறுப்பின ஆலயங்களுக்கான நிதியோ, பாரிஸ் நோத்ர டாம் எரிந்து உலகமே அழுத பிறகுதான் இருபது இலட்சம் டொலரை எட்டியது. நல்ல காரியந்தான். ஆனாலும் புகழ்பெற்ற ஒரு கோபுரம் எரியும்வரை அந்தச் சிறு ஆலயங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நீதி எல்லாவற்றிலும் மெதுவானது. பேர்மிங்ஹாமில் முதல் தண்டனைக்கு 14 ஆண்டுகள் சென்றன. மற்ற இருவருக்கு 2001, 2002 வரை. பரராஜசிங்கம் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 2021இல் விடுவிக்கப்பட்டனர். உயிர்த்த ஞாயிறு வழக்கில், முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கவனியாமல் விட்டதற்கான கணக்கு. திட்டமிட்டு அனுப்பியவர்களின் கணக்கு வேறு.