வயிற்றெரிச்சலும் முதிதையும்

நண்பரின் முதல் நாவலைக் கையில் எடுத்தபோது, அது சுமாராக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. இருவருமே கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸை நம்பிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வாழ்க்கையைத்தான் நானும் நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

முதல் அத்தியாயத்தில் பிழை தேடினேன். கிடைத்தது, சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. ராத்திரி ஒட்டிக் காயப்போட்ட பெட்டிகள் மேல் பிள்ளை தூக்கத்தில் உருண்டுவிடுகிறது. விடிந்து பார்த்தால், தலைமுடியில் பசை இறுகி ஒரு மேல்பெட்டி தொங்குகிறது. பாட்டி வெந்நீர் தொட்டுப் பார்க்கிறாள், பிரியவில்லை. கத்தரியை எடுக்கிறாள். ஓடிவரும் அம்மா முதலில் பார்ப்பது, பெட்டி கிழியாமல் வந்ததா என்று.

எங்கள் வீட்டிலும் இப்படி முடி வெட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் பார்வையைப் பார்க்கும் கண் எனக்கு வாய்க்கவில்லை. வயிறு எரிந்தது. கண்ணும் கலங்கியது.

பொறாமை கொள்ளாதிருப்பதை, அதாவது அழுக்காறாமையை, வள்ளுவர் துறவறவியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். துறவிக்கு ஏது பக்கத்து வீடு? அது 17ஆம் அதிகாரம். அடுத்தது வெஃகாமை. வெஃகுகிறவனுக்குப் பிறர் பொருள் வேண்டும். அழுக்காறு கொண்டவனுக்கு அதுகூட வேண்டாம். அது பிறரிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 19 புறங்கூறாமை, 20 பயனில சொல்லாமை. இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடைக்குப் போவதற்குள் நாங்கள் இந்த நான்கையும் மீறிவிடுவோம்.

பிறர் நலம் கண்டு மகிழ்வதைப் பௌத்தம் முதிதை என்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதையில் மைத்திரி, கருணையோடு அதுவும் செற்றத்துக்கு மருந்தாக வருகிறது. பொறாமை முழுக்க ஒழிந்த மனத்தில்தான் அது முளைக்கும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல பக்கம் என்று முதலில் கண்டுகொண்டதே என் பொறாமைதான். மட்டமான எழுத்தைப் பார்த்து யாருக்கு வயிறு எரிகிறது? ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டப் பொறாமைக்கு மனம் வராது. புரட்ட வைத்தது வேறொன்று: எங்கள் ஊர்ப் பிள்ளையின் வெட்டுப்பட்ட முடி அச்சில் ஏறிவிட்டதே என்ற மகிழ்ச்சி. எரிச்சல் அணையும்வரை அது காத்திருக்கவில்லை.

நாவல் நன்றாக வந்திருக்கிறது. கடைசி முப்பது பக்கம் அவசரம். இதை டீக்கடையில் சொல்லவில்லை, அவரிடமே சொல்லிவிட்டேன்.