படிக்காததற்கு விலை

பத்து சென்ட் விலை போட்ட ஒரு படக்கதைப் புத்தகத்தை அறுபது லட்சம் டாலர் கொடுத்து ஒருவர் வாங்கினார் என்று கேள்விப்பட்டால் முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு கொஞ்சம் பொறாமை வருகிறது. அதற்கும் பிறகுதான் யோசனை வருகிறது. சிரிப்பையும் பொறாமையையும் வழியிலேயே தீர்த்துக்கொண்டு அந்த மூன்றாவது இடத்துக்குப் போகலாம் என்று இதை எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'ஆக்ஷன் காமிக்ஸ்', முதல் இதழ். 1938 ஜூன் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சூப்பர்மேன் என்ற ஆசாமி உலகத்துக்கு முதல்முதலாக அறிமுகமானது அதில்தான். அட்டைப் படத்தில் அவன் ஒரு பச்சை நிற மோட்டார் காரைத் தலைக்கு மேலே தூக்கிப் பாறையில் மோதுகிறான். முன்னால் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு நம்மை நோக்கி ஓடி வருகிறான். அமெரிக்காவில் சுமார் 2,00,000 பிரதிகள் அச்சடித்து, தெருமுனைக் கடைகளில் மிட்டாய்க்கும் சோடாவுக்கும் பக்கத்தில் வைத்து விற்றார்கள். அவற்றில் இன்று நூறு சொச்சம்தான் எஞ்சியிருக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் கணக்கிடுகிறார்கள். 2024இல் அதில் ஒன்றுதான் 60 லட்சம் டாலருக்குப் போயிற்று.

மிச்சமெல்லாம் எங்கே போயின? இதில் மர்மம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் படித்தார்கள். படித்ததை மடித்துக் கால்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு போய், சிநேகிதனுக்குக் கொடுத்து, அவனுடையதை வாங்கிக்கொண்டார்கள். அவன் தன் தம்பிக்குக் கொடுத்தான், தம்பி கிழித்தான். பிறகு உலக யுத்தம் வந்தது. பழைய காகிதம் திரட்டிக் கொடுப்பது தேசபக்தி ஆயிற்று. மூட்டை மூட்டையாகக் காகிதக் கூழாயிற்று சூப்பர்மேன் வீரம். யுத்தம் முடிந்ததும் ஒழுக்கக் கவலை பிடித்துக்கொண்டது. 1948இல் நியூயார்க் மாகாணத்துப் பிங்ஹாம்டன் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே படக்கதைகளைக் குவித்துச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். 1954இல் வெர்தாம் என்ற மனநோய் மருத்துவர், இந்தப் புத்தகங்கள்தான் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று ஒரு பெரிய நூலே எழுதினார். அதே வருஷம் செனட் சபைக் குழு விசாரணை நடத்தியது. இவ்வளவுக்கும் தப்பியவற்றை அம்மாக்கள் பார்த்துக்கொண்டார்கள். பையன் ராணுவத்துக்கோ கல்லூரிக்கோ போனதும் அவன் அறையைச் சுத்தம் செய்யாத அம்மா எந்த தேசத்தில் இருக்கிறாள்?

ஆக, மிஞ்சியது அபூர்வம். அபூர்வமானதற்கு விலை. இதுவரை கணக்கு நேராகத்தான் இருக்கிறது. என்னை நிறுத்தியது இதற்கு அடுத்த படி.

பழம் புத்தகம் என்றால் எல்லாமே ஒரே விலையா? கிழிந்ததும் கிழியாததும் ஒன்றாகுமா? விற்பவன் 'புதுசு மாதிரி' என்பான். வாங்குகிறவன் 'நைந்து கிடக்கிறது' என்பான். 1970இல் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் விலைப்பட்டியல் புத்தகம் ஒன்று வெளியிட்டு இந்தச் சச்சரவுக்குக் கொஞ்சம் வரம்பு கட்டினார். முழு வரம்பு கட்டியது 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய சி.ஜி.சி. என்ற கம்பெனி. இது வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. மதிப்பெண் மட்டும் போடும். புத்தகத்தை அனுப்பினால் அங்கே இருக்கிற நிபுணர்கள் பக்கங்களை எண்ணுகிறார்கள். முதுகில் மடிப்புக் கோடு இருக்கிறதா, கம்பித் தையல் துருப்பிடித்திருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, காகிதம் வெள்ளையா, பழுப்பா, தொட்டால் நொறுங்குமா என்று பார்க்கிறார்கள். பார்த்து, அரையிலிருந்து பத்துவரை ஒரு எண் கொடுக்கிறார்கள். எண்ணில் தசம ஸ்தானமும் உண்டு. 9.6க்கும் 9.8க்கும் உள்ள பேதம் நம் போன்றவர்களின் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆனால் சில இதழ்களில் விலை பல மடங்கு ஏறிவிடும். எண் போட்டதும் புத்தகத்தைக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். முன்னட்டை தெரியும், பின்னட்டை தெரியும். நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் பேழையை உடைக்க வேண்டும். உடைத்தால் அந்த எண் போயிற்று.

அதாவது, உலகத்திலேயே அதிக விலை கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவர்களில் ஒருவருக்கு அதைத் திறக்கிற உரிமை மட்டும் நடைமுறையில் இல்லை.

இந்த எண் எதை அளக்கிறது? காகிதத்தின் ஆரோக்கியத்தை என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் காகிதத்தைக் கெடுப்பவை எவை? ஈரமும் வெயிலும் பூச்சியும் கெடுக்கும். பழைய மலிவுக் காகிதம் தனக்குள்ளேயே அமிலம் வைத்திருப்பதால் தானாகவும் பழுக்கும். இவற்றை விட்டுவிட்டால் பாக்கி எல்லாம் வாசகன் செய்கிற காரியம். முதுகில் இருக்கும் மடிப்பு, அவன் அதை விரித்துப் படித்ததால் விழுந்தது. மூலை மழுங்கியது, அவன் மறுபடி மறுபடி எடுத்ததால். அட்டையின் மேல் கோணல் எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதென்றால், இது எனக்குச் சொந்தம் என்று ஒரு சிறுவன் சந்தோஷப்பட்டிருக்கிறான். இதெல்லாம் குறை. கடைக்காரன், சரக்கு வந்த தேதியை அட்டையில் சின்னதாகப் பென்சிலால் குறித்திருந்தால் அதைப் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறார்கள்! விற்றவன் கைபட்டால் தோஷமில்லை. படித்தவன் கைபட்டால் தோஷம்.

இதே முதல் இதழில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே வரும் வேறொரு கதையின் முதல் பக்கத்தை வர்ணமில்லாமல் அச்சடித்து, 'பிள்ளைகளே, இதற்கு வர்ணம் தீட்டுங்கள், பக்கத்தைக் கிழித்து எங்களுக்கு அனுப்புங்கள், நன்றாக இருந்தால் ரொக்கப் பரிசு' என்று பதிப்பாளரே அறிவித்திருந்தார். யோசித்துப் பாருங்கள். கிளீவ்லந்திலோ சிகாகோவிலோ ஒரு பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல் வர்ணம் தீட்டுகிறான். பத்திரமாகக் கிழிக்கிறான். தபாலில் போடுகிறான். பதிப்பாளர் சொன்னதைச் சொன்னபடி செய்த அந்த நல்ல பிள்ளையின் பிரதி இன்று 'குறைபட்டது'. அறிவிப்பை லட்சியம் செய்யாத சோம்பேறியின் பிரதி கோடிகள் பெறும். இதில் சோம்பேறியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பரிசு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு வகையாகவும் பார்க்கலாம். அந்த ஒரு பிரதிக்கு 60 லட்சம் என்ற விலையை யார் ஏற்படுத்தினார்கள்? வைத்திருந்தவரா? அவர் மட்டும் அல்ல. தங்கள் பிரதிகளைப் படித்துத் தீர்த்த லட்சத்துச் சொச்சம் பிள்ளைகளும்தான். அவர்கள் படித்துக் கிழித்ததால் அது அபூர்வமாயிற்று; அவர்கள் படித்து மயங்கியதால் சூப்பர்மேன் சூப்பர்மேன் ஆனான். ஒருவரும் படிக்காத புத்தகம் எத்தனை வெள்ளையாக இருந்தாலும் அதற்கு விலை இல்லை. அப்படிப்பட்டவை என் வீட்டுப் பரணிலேயே இருக்கின்றன. அவற்றில் இரண்டை நானே எழுதினேன்.

இந்தச் சூட்சுமம் புரியாமல் அமெரிக்காவில் ஒரு தலைமுறையே ஏமாந்தது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்துப்போகிற இதழ் வந்தது. கறுப்புப் பைக்குள் ஒட்டி, துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ளும் பட்டையும் சேர்த்து விற்றார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று ஒன்றுக்கு ஐந்தாக வாங்கினார்கள். பிரிக்காமல் வைத்தார்கள். பையன் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று நினைத்த அப்பாக்களும் அதில் உண்டு. லட்சக்கணக்கில் விற்ற அந்த இதழை லட்சக்கணக்கான பேர் பத்திரமாக வைத்திருந்தால் எங்கிருந்து வரும் அபூர்வம்? இன்றைக்கும் அது சல்லிசாகக் கிடைக்கிறது. சில வருஷங்களில் படக்கதைச் சந்தையே சரிந்து, 1996 கடைசியில் மார்வெல் கம்பெனி திவால் மனுக் கொடுக்கிற அளவுக்குப் போயிற்று. எல்லோரும் காப்பாற்றினால் ஒன்றுக்கும் மதிப்பில்லை. யாரோ தொலைக்க வேண்டும், யாரோ வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் குரூரமான ஏற்பாடுதான்.

இவ்வளவு சொன்னதால் சேகரிப்பவர்களை நான் பைத்தியக்காரர்கள் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அது சுலபமான ஏளனம். அதில் எனக்கு ருசியில்லை. கொலராடோவில் எட்கர் சர்ச் என்று ஒரு விளம்பர ஓவியர் இருந்தார். படம் வரைவதற்கு உதவும் என்று படக்கதைகளையும் பத்திரிகைகளையும் வருஷக்கணக்காக வாங்கி அடுக்கிக்கொண்டே வந்தார். 1977இல் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது, பதினாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், நேற்று அச்சானவை போல, வெள்ளை வெளேரென்று இருந்தன. வறண்ட காற்றும் நெருக்கமான அடுக்கும் காப்பாற்றியிருந்தன. அந்த மனிதர் இல்லையென்றால், அந்தக் காலத்து வர்ணம் உண்மையில் எப்படி இருந்தது என்பதே பல இதழ்களைப் பொறுத்தவரை நமக்குத் தெரியாமல் போயிருக்கும். பத்து சென்ட் குப்பை என்று பள்ளிக்கூடமும் செனட்டும் சொன்னதை ஒருவர் குப்பை என்று நினைக்கவில்லை. அது சின்ன விஷயமா?

கதை படிக்க வேண்டுமென்றால் மலிவு மறுபதிப்பு எத்தனையோ இருக்கின்றன. பேழைக்குள் அடைத்தவர் யாருடைய வாசிப்பையும் பறித்துவிடவில்லை. கோயிலில் மூலவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். வீதிக்கு வருவது உற்சவர். அதற்காக மூலவரைக் குறை சொல்கிறோமா? இந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உறுத்துகிறது. மூலவருக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

உறுத்தலுக்கு இன்னொரு காரணம், நான் எழுதுகிறவன். சூப்பர்மேனைப் படைத்தவர்கள் கிளீவ்லந்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். எழுதியவர் ஜெர்ரி சீகல். வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். 1938 மார்ச்சில் இருவருக்கும் இருபத்துமூன்று வயது. சூப்பர்மேன் மேல் உள்ள உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வழக்கு, தோல்வி, வறுமை. ஷூஸ்டருக்குக் கண் பார்வையும் மங்கியது. 1975இல், ஊர் உலகம் பேச ஆரம்பித்த பிறகு, ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், கதையின் மேல் பெயர் போடும் மரியாதையும் கிடைத்தன. இதற்கும் மேலே ஒன்று கேளுங்கள். அந்த 130 டாலர் அடங்கிய காசோலை இருக்கிறதே, வேறு வேலைகளுக்கான கூலியும் சேர்த்து மொத்தம் 412 டாலருக்கு, இருவர் பெயரையும் தப்பாக எழுதிக் கொடுத்தது, அதுவும் சேகரிப்புப் பொருளாகி 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அவர்களை ஏழையாக்கிய காகிதத்துக்கு அவர்கள் வாழ்நாளில் கண்ணால் காணாத விலை. காகிதத்தைக் காப்பாற்றுவதில் காட்டிய சிரத்தையில் காலே அரைக்கால் பங்கை அந்த இரண்டு மனிதர்கள் மேல் யாராவது காட்டியிருக்கலாம்.

என் புத்தகங்களைப் பற்றி நினைத்துக்கொள்கிறேன். வாடகை நூல்நிலையங்களில் என் நாவல் பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். காப்பிக் கறை, பஸ் டிக்கெட் அடையாளம், கடைசிப் பக்கத்தைக் காணோம். ஓரத்தில் ஒரு வாசகி 'இவனைப் போய்க் கல்யாணம் செய்துகொள்கிறாளே, அசடு' என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அதன் கீழே வேறொரு கையெழுத்து, 'உங்களுக்கென்ன தெரியும்?' என்றது. சி.ஜி.சி.காரர்களிடம் கொடுத்தால் அரைக்கும் கீழே ஏதாவது எண் உண்டா என்று தேடுவார்கள். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டேன். நூல்நிலையக்காரர் தரமாட்டேன் என்றுவிட்டார், இன்னும் சுற்றில் இருக்கிறதாம். அதற்காக, யாராவது என் முதல் பதிப்பை மடிப்பு விழாமல் வைத்திருக்கிறார் என்று கேட்டால் எனக்கு மகிழ்ச்சி இராதா? இருக்கும். நிறையவே இருக்கும். இரண்டு ஆசையும் ஒரே மனசில்தான் இருக்கின்றன. சண்டையில்லாமல் இருக்கின்றன என்று சொல்லமாட்டேன்.

2025இல் ஒரு செய்தி வந்தது. கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், தாயார் காலமான பிறகு வீட்டைச் சீர்செய்யும்போது, பரணில் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் சில படக்கதைகளைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று, 1939இல் வெளியான 'சூப்பர்மேன்' முதல் இதழ். நிபுணர்கள் 9.0 கொடுத்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. அந்த அம்மாள், சிறுமியாக இருந்தபோது தன் சகோதரனோடு சேர்ந்து வாங்கியவையாம். என்னிடம் அருமையான படக்கதைகள் இருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாளும் எடுத்துக் காட்டியதில்லை.

ஏன் காட்டவில்லை? பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்றா? சகோதரனோடு படித்ததை மூன்றாம் கை தொட வேண்டாம் என்றா? மத்தியானத்தில், வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, அவள் அந்தப் பெட்டியைத் திறந்து இரண்டு பக்கம் புரட்டியிருப்பாளா? புரட்டியிருந்தால் முதுகில் ஒரு சின்ன மடிப்பு விழுந்திருக்கும். 9.0க்கும் பத்துக்கும் நடுவே ஒரு முழு எண் இடம் இருக்கிறது.