எங்கே உடைய வேண்டும்?

பின் ஆக்சில் சுமக்கிறது, தள்ளுகிறது. அதோடு அதன் கடமை முடிகிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் ஆக்சிலுக்கு அந்த நிம்மதி இல்லை. அது இன்ஜினின் பாரத்தைத் தாங்க வேண்டும், வண்டியை இழுக்க வேண்டும், இழுக்கும்போதே திரும்பவும் வேண்டும். நேர்ச்சாலையின் வேகத்தில் அது முறிவது அரிது. மிகத் தாழ்ந்த கியரில், நடைவேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து, பாறைமேல் ஏறுவதற்காக ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும் வேளையில்தான் பெரும்பாலும் முறிகிறது. யூனிவர்சல் ஜாயின்ட் வளைய வளைய அதன் தாங்குதிறன் குறைகிறது. தாழ்ந்த கியரோ அதே கணத்தில் முறுக்குவிசையைப் பல மடங்காக்கி அனுப்புகிறது. திசை மாறாதவரை நாமும் நம்மை உறுதியானவர்கள் என்றே எண்ணிக்கொள்கிறோம்.

அமெரிக்க மேற்கின் மலைத்தடங்களில் இன்றும் ஓடும் பழைய ஷெவர்லே கே10 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 1973இல் தொடங்கிய சதுர முகத் தலைமுறை அது. அதன் முன் ஆக்சிலுக்குள் சுழலும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் 8.5 அங்குலம். தொழிற்சாலை மாட்டி அனுப்பிய டயருக்கு அது தாராளமாகவே போதும். டயரின் உயரம் கூடிய நாளிலிருந்துதான் கணக்கு மாறுகிறது. அப்போது உரிமையாளரின் கண் அதே குடும்பத்தின் ஒரு டன் வண்டியான கே30இன் பக்கம் திரும்புகிறது. அதன் அடியில் இருக்கும் டேனா 60 ஆக்சிலின் கிரவுன் வீல் 9.75 அங்குலம். அந்த 1.25 அங்குல வித்தியாசத்துக்காகக் காயலான் கடைகளில் பொறுமையோடு தேடி அலைபவர்கள் ஏராளம்.

அந்த ஆக்சிலின் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. மோட்டார் வண்டிக்கு ஏற்ற யூனிவர்சல் ஜாயின்ட்டை உருவாக்கி, 1904இல் அதற்கென ஒரு தொழிலைத் தொடங்கியவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். 1914இல் அந்தத் தொழிலுக்குள் வந்த வழக்கறிஞர் சார்லஸ் டேனா. வளையும் ஜாயின்ட்டில் ஸ்பைசரின் பெயர் தங்கியது. பாரம் சுமக்கும் ஆக்சிலுக்கோ டேனாவின் பெயர் போயிற்று. உழைப்பையும் முதலையும் உலகம் பங்கிடும் விதம் இதுதான் போலும்.

ஆக்சில் தனியாக வந்து சேர்வதில்லை. கே10இன் சக்கரத்துக்கு 6 நட், டேனா 60இன் சக்கரத்துக்கு 8. முன் சக்கரம் மாறினால், ஒரே ஸ்டெப்னி முன்னுக்கும் பின்னுக்கும் உதவ வேண்டுமென்றால், பின் ஆக்சிலையும் மாற்றியாக வேண்டும். இரண்டின் பல்விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பின்னால் 3.73, முன்னால் 4.10 என்று அமைந்துவிட்டால், கெட்டியான தரையில் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று எதிர்த்து, விசையை இரண்டுக்கும் பிரித்தனுப்பும் நடுவிலுள்ள டிரான்ஸ்பர் கேஸை முறுக்கித் தின்னும். பெரிய கிரவுன் வீலுக்குப் பெரிய கூடு வேண்டும். அந்தக் கூடு தாழ்ந்து தொங்கித் தரை இடைவெளியைக் குறைக்கிறது. இழந்த இடைவெளியை மீட்க இன்னும் உயரமான டயர் வேண்டும். அந்த டயரோ மறுபடியும் பலத்தையே கேட்கிறது. தேவை எங்கே முடிந்தது, ஆசை எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்துக்கு, ஒவ்வோர் அடியிலும் நியாயமான காரணத்தோடுதான் நாம் வந்து சேர்கிறோம்.

கடன் வாங்கிய பலத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஃபோர்டு எஃப்-350இன் டேனா 60க்கும் அதே 9.75 அங்குலம்தான், அதே கனத்த இரும்புதான். ஆனால் கிரவுன் வீலை ஏந்திய அதன் டிஃபரென்ஷியல் இடப்புறம் இருக்கிறது, கே10இல் வலப்புறம். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வரும் ஷாஃப்ட் அதை நேராகச் சென்று சேர வழியில்லை. அந்த இரும்பில் ஒரு குற்றமும் இல்லை. ஒருவருடைய வாழ்வில் தூணாக நின்ற ஒழுக்கமோ நம்பிக்கையோ இன்னொருவரின் வாழ்வில் பொருந்தாமல் போகும்போது, நாம் அந்த நம்பிக்கையையோ அந்த மனிதரையோ குறை சொல்லிவிடுகிறோம். இரண்டும் சந்திக்கும் கோணத்தைப் பார்ப்பதில்லை.

இத்தனையும் செய்து முடித்த பிறகு வண்டி உடையாததாகிவிட்டதா? இல்லை. சக்கரம் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டு, இன்ஜின் முறுக்கியபடி இருந்தால், அந்த விசை எங்கேனும் ஓரிடத்தில் வெளியேறியே தீரும். ஜாயின்ட்டைப் பலப்படுத்தினால் ஷாஃப்ட் முறியும், ஷாஃப்ட்டைத் தடிமனாக்கினால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் நொறுங்கும், ஹப்பையும் உறுதியாக்கினால் கிரவுன் வீலின் பற்கள் தெறிக்கும். பலம் முறிவை ஒழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது. டேனா 60இன் உள் ஷாஃப்ட்டின் முனையில் 35 ஸ்பிளைன், அதாவது வெட்டிய பற்கள், உண்டு. வெளிமுனையில் ஹப்போடு சேரும் ஷாஃப்ட்டுக்குப் பழைய கே30இல் 30 ஸ்பிளைன்தான். அதையும் 35 ஆக்கிவிடலாம், பலர் ஆக்குகிறார்கள். சிலர் வேண்டுமென்றே 30ஐ விட்டுவைக்கிறார்கள். முறிவு வெளிமுனையில் நிகழ்ந்தால் வழியோரத்திலேயே கழற்றி மாற்றிவிடலாம். கிரவுன் வீல் போனால் பட்டறை வேண்டும். வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் செய்யும் வேலையை இங்கே அந்த மெல்லிய முனை செய்கிறது. என் சாய்வு இவர்கள் பக்கமே. குறையைக் காணாமல் பலவீனமாக இருப்பதும், கண்டு, எடைபோட்டு, அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைப்பதும் ஒன்றல்ல. தன்னிடம் முறியும் இடமே இல்லை என்று தன்னை இறுக்கிக்கொண்ட மனிதர், கோபத்தையும் துயரத்தையும் இயலாமையையும் வெளியே கசிய விடாமல் ஆண்டுகள் தோறும் உள்ளே தள்ளித் தள்ளி, கடைசியில் எது உடைந்தால் மீளவே முடியாதோ அதையே உடையும் இடமாக ஆக்கிவிடுகிறார்.

சாதாரண டயரோடு, மண்பாதையோடு நிறைவடைபவர் கே10இன் பழைய ஆக்சிலையே வைத்துக்கொள்வதிலும் பிழையில்லை. தன் வண்டி எதுவரை போகும் என்பதை அறிந்திருந்தால் போதும்.

இந்தத் தேர்வு தனி ஒருவரோடு முடிவதும் இல்லை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள ரூபிகான் தடத்தில், ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய பாறை இடுக்குகள் உண்டு. அங்கே ஹப் போன வண்டி பெரும்பாலும் பின் சக்கரங்களின் தள்ளலிலேயே ஊர்ந்து ஓரம் ஒதுங்கி வழிவிட்டுவிடும். கிரவுன் வீல் சிதறி, துண்டுகள் அதைச் சுழற்றும் பினியனுக்குள் சிக்கிச் சக்கரங்கள் பூட்டிக்கொண்ட வண்டி அப்படி ஒதுங்காது. அதை இழுத்தெடுக்கும்வரை, அந்த ஆக்சிலைத் தேர்ந்தெடுத்தவரை அறியாத மனிதர்கள்கூட அவருடைய முடிவின் விலையில் ஒரு பங்கைச் செலுத்திக்கொண்டு பின்னால் நிற்க வேண்டியிருக்கும்.